மணியை எங்கே வைப்பது?

“தனியாகவா, மற்றவற்றோடு சேர்த்தா?”

இரவு 11 மணி தாண்டியிருந்தது. விலங்கு மருந்தகத்தின் முகப்பில் இருந்த பெண் மிகத் தன்மையாகத்தான் கேட்டார். என் காதில் அது உணவங்காடியில் “சாப்பிடவா, பொட்டலமா?” என்று கேட்பதைப் போல விழுந்தது. தகனத்தைப் பற்றிக் கேட்கிறார் என்று விளங்க அரை நிமிடம் பிடித்தது. உள்ளே மேசையில் எங்கள் நாய் மணி உயிரில்லாமல் கிடந்தான். ஊசிக்குழாய் செருகியிருந்த முன்னங்காலில் பஞ்சும் ஒட்டுத்துணியும் இன்னும் அப்படியே இருந்தன.

அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாக இல்லை. அடுத்த சில வாரங்களில் வந்த மற்றக் கேள்விகளுக்கும் ஆயத்தமாக இல்லை. சாம்பலை என்ன செய்வது, படத்தை எங்கே மாட்டுவது, கழுத்துப்பட்டையை யார் வைத்துக்கொள்வது என்று வீட்டில் நான்கு பேருக்கு ஐந்து கருத்து. ஒவ்வொரு வழியையும் விசாரித்து, சிலவற்றுக்குப் பணம் கட்டி, ஒன்றிரண்டில் தவறியும் போனோம். சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருப்பவனுடைய கணக்கு இது. தோட்டத்தோடு தரைவீடு வைத்திருப்பவர்களுக்குப் பாதிப் பிரச்சினை இல்லை.

மணி ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’. இங்குள்ள கலப்பின நாட்டு நாய்க்குச் செல்லமாக வைத்த பெயர் அது. வீவக வீடுகளில் சிறிய இன நாய்களுக்கு மட்டுமே அனுமதி இருந்த காலம் போய், 2012ஆம் ஆண்டில் ‘புராஜெக்ட் அடோர்’ திட்டம் வந்தது. காப்பகத்து நாய்களுக்கும் அடுக்குமாடிக் கதவு திறந்தது. அடுத்த ஆண்டே அவனைக் கொண்டுவந்தோம். காப்பகத்தில் அவனுக்கு ஏதோ பிஸ்கட்டின் பெயர் வைத்திருந்தார்கள். வீட்டு வாசலில் அம்மா ஒருமுறை “மணி” என்று கூப்பிட்டார், திரும்பிப் பார்த்தான், முடிந்தது விஷயம். 12 ஆண்டுகள் எங்களோடு இருந்தான்.

முதல் நாளுக்கானவை

நான் தாமதமாகக் கற்றுக்கொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவுச் சின்னங்களில் பெரும்பாலானவற்றை ஆறு மாதம் கழித்துக்கூட முடிவு செய்யலாம். முதல் நாளோடு கைநழுவிப் போகிறவை மூன்றுதான்: எந்த வகைத் தகனம், பாத அச்சு, ஒரு கொத்து முடி.

கூட்டுத் தகனம் மலிவு. ஆனால் சாம்பல் திரும்ப வராது. தனித் தகனம் நாயின் எடையைப் பொறுத்துச் சில நூறு வெள்ளி கூடும், சாம்பல் கைக்கு வரும். சாம்பல் வேண்டுமா வேண்டாமா என்று தெரியாவிட்டால் தனித் தகனத்தையே தேர்ந்தெடுங்கள். கையில் இருக்கும் சாம்பலைப் பிறகு விட்டுவிடலாம், விட்டதைத் திரும்ப வாங்க முடியாது. என் நண்பர் ஒருவர் அன்றைய களைப்பில் “எதுவானாலும் சரி” என்று கையெழுத்திட்டுவிட்டு இரண்டு ஆண்டுகளாக வருந்திக்கொண்டிருக்கிறார். ‘தனி’ என்றால் உலைக்குள் ஒரே உடல்தானா, கூட இருந்து பார்க்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நெருப்புக்குப் பதிலாக நீரும் உண்டு. வெந்நீரும் காரக் கரைசலும் சேர்ந்து உடலைக் கரைக்கும் முறை, சிங்கப்பூரில் சில ஆண்டுகளாகக் கிடைக்கிறது. அதிலும் எலும்பே மிஞ்சுகிறது, அதைப் பொடித்து வெள்ளை மாவு போலத் தருகிறார்கள். எரிபொருள் குறைவு, புகை இல்லை. சுற்றுச்சூழலை நினைத்தால் அதுதான் மேல். என் மனைவிக்கு அதில் விருப்பம் இருந்தது. அம்மாவிடம் விளக்கத் தொடங்கிய ஐந்தாவது சொல்லிலேயே அவர் கையை உயர்த்திவிட்டார். நெருப்பு என்றே முடிவாயிற்று.

பாத அச்சுக்கு அவசரம் தேவை. இறந்த சில மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும், விரல்கள் மடங்காது. மருந்தகத்திலேயே களிமண் பெட்டி இருந்தது. அந்தப் பெண் மணியின் வலது முன்பாதத்தை ஈரத்துணியால் துடைத்து, விரல்களுக்கு இடையில் வளர்ந்திருந்த முடியை ஒதுக்கி, வெள்ளைக் களிமண்ணில் உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினார். எடுத்தபோது நடுமெத்தையில் ஒரு சிறு பிளவு தெரிந்தது. 2019இல் பூங்காவில் கண்ணாடித் துண்டு குத்திய இடம். எத்தனையோ படம் எடுத்திருக்கிறோம், ஒன்றில்கூட அந்தத் தழும்பு விழவில்லை. பெட்டியில் பாதிக் களிமண் மீந்தது. அதையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தார்கள். தூக்கிப் போட மனமில்லாமல் சமையலறை அலமாரியில் வைத்தேன்.

முடி வேண்டுமென்றால் வாலடியிலிருந்து வெட்டச் சொல்லுங்கள், அங்கே நீளமாக இருக்கும். காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் பை நம் ஊர் ஈரத்தில் பூஞ்சைக்கு விருந்து.

இவை போக ஒரு அலுவலக வேலை: நாய் உரிமத்தை ரத்து செய்வது. விலங்குநல மருத்துவச் சேவையின் இணையத்தளத்தில் சில நிமிடங்களில் முடியும். செய்யாமல் விட்டால் அவன் பெயரில் உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லிச் செய்தி வரும். மகளின் கண்ணில் படும் முன் முடித்துவிடுங்கள்.

சாம்பல்

18 கிலோ நாய்க்கு அரை கிலோவைச் சற்றே தாண்டிய சாம்பல். ஒரு சிறு குடத்தில் அடங்கிவிட்டது. அதை வைத்துத்தான் வீட்டில் மகாபாரதம் நடந்தது.

மகள் தன் படிப்பு மேசையில் வைக்க வேண்டும் என்றாள். அவளுக்கு வயது 17, அவன் வந்தபோது ஐந்து. அம்மாவோ மனிதர்களின் சாம்பலையே வீட்டுக்குள் கொண்டுவராத குடும்பத்தில் பிறந்தவர். “தாத்தாவுடையதை மறுநாளே கடலில் கரைத்தோம். இதை மட்டும் பாடப் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைப்பீர்களா?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவள் அழுகையிலும் நியாயம் இருந்தது.

வீட்டில் வைப்பதற்குச் செலவில்லை, பயணமில்லை, நினைத்தபோது தொடலாம். எல்லோரும் ஒரே மனமாக இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எங்களுடையது அப்படிப்பட்ட வீடு அல்ல. மூன்று தலைமுறை 90 சதுர மீட்டரில் வாழ்கிறது. ஒருவருக்கு ஆறுதலாக இருக்கும் குடம் இன்னொருவரைக் கூடத்துக்குள் வரவிடாமல் செய்யும்.

அதனால் முதலில் சாம்பல் மாடம். தகனக் கூடத்திலேயே கண்ணாடிக் கதவு போட்ட சிறு அறைகள் உண்டு, ஆண்டு வாடகை. உள்ளே படம், பொம்மை, பிடித்த பிஸ்கட் எல்லாம் வைக்கலாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பக்கத்து மாடத்தில் ஒரு முயலுக்கு யாரோ கேரட் வைத்திருந்தார்கள், பஞ்சில் தைத்த கேரட். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முதல் மாதம் மூன்று முறை போனோம், நான்காவது மாதம் ஒரு முறைகூட இல்லை. மாடம் மறதிக்கும் சேர்த்தே வாடகை வாங்குகிறது. வீட்டில் சண்டை ஓயும்வரை தற்காலிகமாக வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. நிரந்தரத்துக்கு என் ஓட்டு இல்லை.

கடல் எங்கள் மரபுக்கு நெருக்கம். மனிதர்களின் சாம்பலைக் கரைக்கச் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே சுமார் 2.8 கிலோமீட்டரில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சுவா சூ காங்கில் 2021இல் சாம்பல் தூவும் தோட்டம் ஒன்றும் திறந்தார்கள். அதுவும் மனிதர்களுக்கே. நாய்க்குக் கடல்தான் என்று மனம் வைப்பவர்கள் தகனக் கூடத்தாரையே முதலில் கேளுங்கள். விடிகாலையில் பிளாஸ்டிக் பையோடு சாங்கிக் கடற்கரையில் திருட்டு முழியோடு நிற்பது மணிக்கும் பெருமையில்லை, நமக்கும் இல்லை. தவிர, நீரைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஓடுகிற நாய் அவன்.

புதைப்பது பற்றி அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். அவர் பிறந்து வளர்ந்தது செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில். தாத்தா அங்கே கூலி வேலை. வீட்டுக்குப் பின்னால் மண் இருந்தது, மண்ணில் முருங்கை இருந்தது. கருப்பன் என்ற நாய் இறந்தபோது முருங்கைக்கு அடியில் குழி தோண்டி, கோணிப்பையில் சுற்றி, உப்புப் போட்டு மூடினார்களாம். “அந்த வருஷம் காய்த்த காய்ப்பைப் பார்க்க வேண்டுமே! குடியிருப்பு முழுக்கக் கொடுத்தோம்” என்பார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால், “பின்னே?” என்பார்.

அந்த மண் இன்று கிடையாது. பொதுப் பூங்காவிலோ புளோக்கின் கீழுள்ள புல்தரையிலோ புதைக்க அனுமதியில்லை. மனிதர்களுக்கே சுவா சூ காங் இடுகாட்டில் 15 ஆண்டுகள்தாம், பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். நாய்க்கு நிரந்தர மண் கேட்பது இந்தத் தீவில் கொஞ்சம் அதிகப்படி ஆசை.

மிஞ்சியது தொட்டிச் செடி. இதில் நம்மவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. அடுப்புச் சாம்பல் செடிக்கு உரம் என்று பாட்டி காலத்திலிருந்து கேட்டு வளர்ந்ததால், இந்தச் சாம்பலையும் அப்படியே கொட்டிவிடுகிறோம். அது விறகுச் சாம்பல், இது எலும்புச் சாம்பல். பெரும்பகுதி கால்சியம் பாஸ்பேட், அதோடு உப்பும் மிகுந்த காரத்தன்மையும். குவியலாகக் கொட்டினால் வேர் கருகும். நான் முதலில் வைத்த மல்லிகை மூன்றே வாரத்தில் பழுத்துப் போனது. மகள் அதை இன்னொரு சாவாக எடுத்துக்கொண்டாள். சரியான வழி, பெரிய தொட்டி மண்ணுக்கு ஒரு சிறு கரண்டிச் சாம்பல், அதையும் மக்கிய உரத்தோடு நன்றாகக் கலந்து சில வாரம் ஆறவிட்டு, பிறகு நடுவது. மீதிச் சாம்பல் குடத்தில் காத்திருக்கட்டும்.

செடியில் எனக்குப் பிடித்தது, அது வேலை வாங்குகிறது. காலையும் மாலையும் மணியைக் கீழே கூட்டிப் போன நேரம் கைகளுக்கு வேலையில்லாமல் கிடந்தது. தண்ணீர் ஊற்ற அரை நிமிடம்தான் ஆகும். ஆனாலும் அந்த நேரத்தில் கதவைத் திறக்க ஒரு காரணம் கிடைக்கிறது. குடமும் மாடமும் இதைத் தருவதில்லை. பிடிக்காதது, செடி செத்தால் யார் பொறுப்பு என்பது. துணிச்சல் இல்லாதவர்கள் சாம்பல் கலக்காமல் வெறும் செடியாக வைத்து அவன் பெயரைச் சொல்லிக்கொள்ளலாம், அதில் தோஷம் இல்லை.

சாம்பலைக் கண்ணாடி மணியாகவும் பதக்கமாகவும் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். வைரமாகக்கூடச் செய்கிறார்கள். மகளுக்கு ஒரு சிட்டிகை சாம்பல் அடைத்த வெள்ளிப் பதக்கம் வாங்கிக் கொடுத்தோம். மேசையில் குடம் என்ற கோரிக்கை அதோடு அடங்கியது. கழுத்தில் இருப்பது அம்மாவின் கண்ணில் படாது, பட்டாலும் நகை என்று விட்டுவிடுவார்.

படம், மரம், காப்பகம்

படம் மாட்டுவதில் செலவு சொற்பம், வாக்குவாதம் பெரிது. எங்கள் கூடத்தில் தாத்தா பாட்டி படங்கள் பொட்டும் மாலையுமாக இருக்கின்றன. அதே வரிசையில் மணியா? நான் சற்றுப் படித்த தோரணையில் எடுத்தனூர் நடுகல்லைச் சொன்னேன். திருவண்ணாமலை மாவட்டத்தில், 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தில் நட்ட கல். வீரனின் பக்கத்தில் அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும், அது கள்ளர் இருவரைக் கடித்ததையும் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே நாய்க்குக் கல் நட்டவர்கள் நாம் என்றேன்.

“அது திருடனைக் கடித்த நாய். இவன் திருடன் வந்தால் வாலாட்டியிருப்பான்” என்றார் அம்மா.

தருமர் சொர்க்க வாசலில் நாயை விட்டுவர மறுத்ததைச் சொன்னேன். “அது நாயே இல்லை, தரும தேவதை. கதையை முழுசாகப் படி.” அதற்குமேல் என்னிடம் சரக்கில்லை.

கடைசியில் வாசலருகே, செருப்பு அலமாரிக்கு மேலே மாட்டினோம். மாலை இல்லை, பொட்டு இல்லை. அவன் நாள் முழுக்க உட்கார்ந்து மின்தூக்கிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த இடம் அதுதான் என்பதால் எனக்கு இது தோல்வியாகவும் படவில்லை. படம் தேர்ந்தெடுக்கும்போது நிழற்பட நிலையத்தில் எடுத்த பளபளப்பான படத்தைத் தள்ளிவிட்டு, ஒரு காது மடிந்தும் ஒரு காது நிமிர்ந்தும் இருக்கும் மங்கலான கைப்பேசிப் படத்தை எடுத்தோம். ஓவியமாக வரைந்து வாங்குவதென்றாலும் இப்படிப்பட்ட படத்தையே கொடுங்கள்.

காணொளிகளை உடனே இன்னொரு இடத்தில் சேமித்துவையுங்கள், ஆனால் உடனே பார்க்க வேண்டியதில்லை. குரைப்பொலி கேட்டு அம்மா கதவைத் திறக்கப் போன ஒரு நாளுக்குப் பிறகு நாங்கள் அந்தக் கோப்பைத் தொடவில்லை.

மரம் நடுவது பலரும் சொல்லும் யோசனை. தேசியப் பூங்காக் கழகத்தின் அறக்கொடை அமைப்பான கார்டன் சிட்டி ஃபண்ட் நடத்தும் திட்டத்தில் நன்கொடை கொடுத்தால் பூங்காவில் நம் கையாலேயே ஒரு கன்று நடலாம். 2020இல் தொடங்கிய பத்து லட்சம் மரங்கள் இயக்கமும் நடக்கிறது. ஊருக்கு நல்லது, பிள்ளைகளுக்கு நல்ல அனுபவம். துக்கத்துக்கு எவ்வளவு உதவும் என்றால், என்னைப் பொறுத்தவரை குறைவுதான். சாம்பலை அங்கே இட முடியாது, தினமும் பார்க்கவும் முடியாது. மணிக்கும் மரங்களின்மேல் இருந்த ஈடுபாடு சற்று வேறு வகையானது.

காப்பகத்துக்குக் கொடுப்பதை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன். சுங்கை தெங்கா பகுதியில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கமும் வேறு பல காப்பகங்களும் இருக்கின்றன. பிரிக்காத உணவு மூட்டை, போர்வைகள், சங்கிலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொண்டுபோனோம். வீட்டில் அவன் பொருள்கள் கண்ணில் படுவது குறைந்தது, அவை வீணாகவும் இல்லை. மனைவி இப்போது ஞாயிறுதோறும் அங்கே போய் யாருடையதும் அல்லாத நாய்களை நடத்திவிட்டு வருகிறார். திரும்பி வரும்போது கால்சட்டையில் முடி ஒட்டியிருக்கிறது. பழைய நாள்களில் அதற்காகச் சண்டை போட்டவர், இப்போது தட்டிவிடுவதே இல்லை. கழுத்துப்பட்டையை மட்டும் நான் கொடுக்கவில்லை. என் இழுப்பறையில் இருக்கிறது, உள்பக்கத்தில் இன்னும் அவன் வாடை.

உடலைப் பாடம் செய்து வைப்பதும் உலகில் நடக்கிறது. டோக்கியோவில், எசமானுக்காகக் காத்திருந்து புகழ்பெற்ற நாய் ஹாச்சிகோ 1935இல் இறந்த பிறகு இன்றும் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. தென்கொரியாவில் 2005இலேயே நாயை நகலெடுத்தார்கள், ஸ்னப்பி என்று பெயர். பணமும் நெஞ்சுரமும் இருப்பவர்களின் விவகாரம் அவை. நகல் நாய்க்கு மணியின் தோல் வரலாம், 2019இன் கண்ணாடித் துண்டு வராது.

அடுத்த நாய்? உறவினர்கள் முதல் வாரமே கேட்டார்கள். அது நினைவுச் சின்னம் அல்ல, தனி முடிவு. பழையதோடு ஒப்பிட்டுக்கொண்டே வளர்த்தால் புதியதுக்குப் பாவம். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

இப்போது எங்கள் நிலைமை: மாடத்தைக் காலி செய்து குடத்தைச் சாமான் அறையின் மேல்தட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. சாமான் அறை வீட்டுக்குள் சேர்த்தியில்லை என்று அம்மாவே ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒரு கரண்டி தொட்டி மண்ணில் கலந்து ஐந்து வாரம் ஆறியது. அதில் என்ன நடுவது என்பதில் மறுபடி தகராறு. செம்பருத்தி வேண்டாம், சாமிக்குப் பறிக்கிற பூ. கறிவேப்பிலை வேண்டாம், சாம்பாரில் யார் போடுவது? கற்றாழை, மகளுக்குப் பிடிக்கவில்லை.

போன சனிக்கிழமை அம்மா தேக்கா சந்தையிலிருந்து வந்தார். கீரைக்கட்டுகளுக்கு நடுவில், ஈரத் தமிழ் முரசு நாளிதழில் சுற்றிய ஒரு முழ நீளக் குச்சி. முருங்கைப் போத்து. தெரிந்தவர் வீட்டுத் தோட்டத்தில் கேட்டு வாங்கினாராம். “தாழ்வாரத்தில் முருங்கையா? கூரையை இடிக்கும்” என்றேன். “கிள்ளிக் கிள்ளி விட்டால் அடங்கும்.”

தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து டேப்பால் அளந்தேன். தாழ்வாரத்தில் ஆள் நடக்க 1.2 மீட்டர் விட வேண்டும், 1.35 இருந்தது. ஊரில் போத்து நடும்போது வெட்டிய நுனி காயாமல் இருக்கச் சாணி வைப்பார்கள். ஈசூனில் சாணிக்கு எங்கே போவது? அம்மா சமையலறை அலமாரியைத் துழாவி, பிளாஸ்டிக் பையில் இருந்த வெள்ளைக் களிமண்ணை எடுத்துவந்தார். பாதி இறுகியிருந்தது. தண்ணீர் தொட்டுப் பிசைந்து, நுனியில் அப்பி, கட்டைவிரலால் அழுத்தினார்.